மூடாத குழிகளில் காத்திருக்கும் காய்ச்சல்

கண்டியிலிருந்து மாத்தளையைத் தாண்டி வடக்கே போனால், அம்பன் கங்கையும் களு கங்கையும் பாயும் எலஹெரப் பக்கத்தில் மண்ணுக்கடியில் நீலக்கல் கிடக்கிறது. அதை எடுத்தவர்கள் விட்டுப்போன குழிகளும் கிடக்கின்றன.

குழி இடியாமலிருக்கச் சுற்றிலும் மரக்கட்டைகளை அடுக்கி, இடுக்குகளில் தழைகளைத் திணிப்பார்கள். பம்பு ஓயாமல் நீரை இறைக்கும். ‘இல்லம்’ என்னும் சரளைப் படிவு தட்டுப்பட்டதும் கூடையில் அள்ளி அரிப்பார்கள். கல் கிடைத்தால் நிலக்காரர், பம்புக்காரர், குழியில் இறங்கியவர் எல்லாருக்கும் பங்குண்டு; குழியை மூடுவதற்கென்று பங்கு ஒதுக்குவது அரிது. பம்பைக் கழற்றியதும் நீர் ஊறி நிறைகிறது. கட்டைகள் உக்கிக் கரை சரிகிறது.

வெயில் படும் தெளிந்த தேங்குநீர், மலேரியா பரப்பும் அனோபிலிஸ் நுளம்புக்குத் தொட்டில். வெளியூர்களிலிருந்து கல் தேடி வந்தவர்கள் குழியோரத் திறந்த குடிசைகளில் படுத்தார்கள். காய்ச்சலோடு ஊர் திரும்பினார்கள். 1990களில் ஆய்வாளர்கள் இப்பகுதிக் குழிநீரில் நுளம்புப் புழு வளர்ச்சியைத் தடுக்கும் பைரிப்ராக்ஸிஃபென் மருந்தை இட்டார்கள். நுளம்பும் குறைந்தது, நோயும் குறைந்தது. குழிக்கும் காய்ச்சலுக்கும் உள்ள உறவுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்துகிறது. 1963இல் நாடு முழுவதும் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே. வென்றுவிட்டோம் என்று கண்காணிப்பு தளர்ந்தது; 1969இல் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. இன்றும் வெளிநாட்டிலிருந்து மலேரியாவோடு வந்திறங்குவோர் இருக்கிறார்கள். நுளம்பும் இங்கேதான் இருக்கிறது.

அகழ்வை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன என்பார்கள். உண்மைதான். அகழ்வை நிறுத்தச் சொல்லவில்லை, குழியை மூடச் சொல்கிறேன். உரிமம் பெறும்போது வைப்புப் பணம் கட்ட வேண்டும் என்பது விதி. அந்தப் பணத்தைவிட மூடும் செலவு கூடுதலானால், பணத்தை இழந்துவிட்டுப் போவதே இலாபம். ஆகவே வைப்பு, மூடும் செலவுக்குக் குறையக் கூடாது. முதலில் எடுத்த மேல்மண்ணைத் தனியே குவித்து, கடைசியில் போட வேண்டும். சரளையை மேலே பரப்பிவிட்டால் அங்கே நெல் விளையாது. உரிமையாளர் இல்லாத பழைய குழிகளைக் கல் ஏற்றுமதி வருமானத்தில் ஒரு பங்கு ஒதுக்கி மூட வேண்டும். அடுத்த மழைக்கு முன் அந்தக் குழிகளைக் கணக்கெடுப்பதிலிருந்து இந்த வேலை தொடங்கட்டும்.