இரவு 12 மணி பரோட்டா, காலையில் எரிச்சல்: மூளைக்குள் என்ன நடக்கிறது?

மாட்டுத்தாவணியில் ராத்திரி முழுக்க பஸ் ஓடுகிறது. பக்கத்திலேயே இருக்கிறது கே.கே. நகர். லேட் ஷிஃப்ட் முடித்து வருபவர்களுக்கு பரோட்டா, சால்னா, அப்புறம் ஒரு டீ என்பது பல வருடப் பழக்கம். 'தூங்கா நகரம்' என்று பெயரெடுத்த ஊரில் இது புதுசும் இல்லை.

ஆனால், மறுநாள் காலையில் காரணமே இல்லாமல் எரிச்சல், எதிலும் மனசு ஒட்டாத சோர்வு. 'எனக்கு என்னதான் ஆச்சு?' என்று தன்னையே நொந்துகொள்பவர்கள் நிறைய பேர். இதில் ஒரு பங்கு தட்டிலும் கடிகாரத்திலும் இருக்கலாம் என்கிறது அறிவியல்.

வாழைப்பழம் சாப்பிட்டால் சந்தோஷம் வருமா?

'வாழைப்பழத்தில் செரட்டோனின் இருக்கு, சாப்பிட்டா மனசு லேசாகும்' என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். பழத்தில் செரட்டோனின் இருப்பது உண்மைதான். ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை அது தாண்டாது. நம் உடலின் செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது. அதுவும் மூளைக்குள் போகாது.

மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அதற்கான மூலப்பொருள் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம். பால், முட்டை, பருப்பு, நிலக்கடலை எல்லாவற்றிலும் இது உண்டு. இருட்டிய பிறகு பீனியல் சுரப்பி, செரட்டோனினில் இருந்து தூக்கத்துக்கான ஹார்மோனான மெலட்டோனினை உருவாக்குகிறது. ஆக, தினசரி சாப்பாடு ஒழுங்காக இருந்தால்தான் இந்த வேலை தடையில்லாமல் நடக்கும். எந்த ஒரு உணவும் சந்தோஷத்துக்கான ஸ்விட்ச் கிடையாது.

எப்போது சாப்பிடுகிறோம்?

மெலட்டோனின் ஏறும் நேரத்தில் உடல் ஓய்வுக்குத் தயாராகிறது. சர்க்கரையைக் கையாளும் திறனும் அப்போது குறைவு. பகலில் ஒத்துக்கொள்ளும் அதே பரோட்டா, நள்ளிரவில் உடலுக்குக் கூடுதல் சுமை.

இது மனநிலையையும் தொடுகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பிரிகாம் மருத்துவமனை ஆய்வாளர்கள், 19 பேரை வைத்து நைட் ஷிஃப்ட் போன்ற சூழலை உருவாக்கிப் பார்த்தார்கள். 2022-ல் வெளியான முடிவு இது: பகலிலும் இரவிலும் சாப்பிட்டவர்களுக்கு மனச்சோர்வு சார்ந்த உணர்வுகள் சுமார் 26 சதவீதமும், பதற்றம் சார்ந்த உணர்வுகள் சுமார் 16 சதவீதமும் கூடின. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களிடம் இந்த மாற்றம் இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் ஷிஃப்டை மாற்ற முடியாதவர்களுக்கு, சாப்பாட்டு நேரத்தையாவது மாற்றிப் பார்க்கலாம் என்று ஒரு வழி காட்டுகிறது.

அந்த டீ என்ன செய்யும்?

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அதுதான் தூக்கத்தை வரவழைப்பது. காஃபின் அது உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சராசரியாக 5 மணி நேரம் கழித்தும் பாதி காஃபின் உடம்பில் இருக்கும். சாயங்காலம் 6 மணி காபியின் பாதி, ராத்திரி 11 மணிக்கும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

தூக்கம் குறைந்தால் பசியும் தடம் மாறும். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 12 இளைஞர்கள் இரண்டு இரவுகள் தலா 4 மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்க அனுமதிக்கப்பட்டார்கள். 'போதும்' என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. லேட் சாப்பாடு, அரைகுறைத் தூக்கம், மறுநாள் கூடுதல் பசி என்று சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சோம்பேறித்தனமா, ரத்தசோகையா?

தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. டோபமைன், செரட்டோனின் இரண்டையும் மூளை தயாரிக்க இரும்புச்சத்து தேவை. 'எப்பப் பாத்தாலும் டயர்டா இருக்கா' என்று வீட்டில் திட்டு வாங்கும் பெண்ணுக்கு, உண்மையில் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கலாம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் இதே சோர்வு, இதே மந்தம் வரும். மூன்றையும் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம்.

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்கிறது ஐசிஎம்ஆர் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி. காரணம், அவற்றில் உள்ள டானின் இரும்புச்சத்தை உடல் உறிஞ்ச விடாது.

இன்றிலிருந்து என்ன செய்யலாம்?

ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன்பே வயிறார சாப்பிடுங்கள். நள்ளிரவுப் பசிக்கு சுண்டல், முட்டை மாதிரி லேசாக ஏதாவது போதும். படுப்பதற்கு 6 மணி நேரத்துக்கு முன்பே கடைசி டீயை முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு நீடித்தால் சாப்பாட்டை மாற்றினால் மட்டும் போதாது; டாக்டரைப் பாருங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், உணவை நம்பி அதை நிறுத்தக் கூடாது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கே.கே. நகரிலேயே எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992-ல் இருந்து மனநலத்துக்காக இயங்கி வருகிறது. போனில் பேசினால் போதும் என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.