கட்டிலுக்கு எதற்கு சர்வர்?

2025 அக்டோபர் 20 அன்று, அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் உள்ள அமேசான் கணினி மையங்களில் பெரும் கோளாறு ஏற்பட்டது. உலகெங்கும் பணச் செயலிகளும் விளையாட்டுத் தளங்களும் முடங்கின. கூடவே, பலருடைய படுக்கையும் முடங்கியது.

எய்ட் ஸ்லீப் என்ற அமெரிக்க நிறுவனம் 2,000 டாலருக்கு மேல் விலை வைத்து விற்கும் படுக்கை அமைப்பு அது. மெத்தைமேல் விரிக்கும் உறைக்குள் ஓடும் நீர் சூட்டைக் கூட்டும், குறைக்கும். சில மாடல்களில் தலைமாடு உயரும், தாழும். அன்று சிலருக்குச் சூடு தணியவே இல்லை. சிலருக்குத் தலைமாடு உயர்ந்தபடியே நின்றுவிட்டது. நிறுவனத்தின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இணையம் இல்லாதபோது புளூடூத் வழியாகப் படுக்கையை இயக்கும் வசதி அதன் பிறகுதான் வந்தது.

முதல் நாளிலேயே இருந்திருக்க வேண்டிய வசதி அது. கைபேசி தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. ஆனால் அதில் இடும் கட்டளை அதுவரை நேரே படுக்கைக்குப் போகவில்லை. வீட்டு வைஃபை வழியாக வெளியேறி, நிறுவனம் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வரைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. இப்படிப்பட்ட பாதை எங்கே அறுந்தாலும், மோட்டாரும் பம்பும் நன்றாக இருந்தும் பொருள் வேலை செய்யாது.

நிறுவனங்களுக்கு இதில் லாபம் உண்டு. வைஃபை சிப் இன்று மலிவு. எல்லாம் சர்வர் வழியாகப் போனால், யார் எப்போது எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவல் வந்து சேரும். விற்று முடித்த பிறகும் சந்தா வசூலிக்கலாம். வாங்கியவர் நிலைதான் பரிதாபம். ஒரு குமிழைத் திருகினால் முடிந்துவிடும் வேலைக்கு, எங்கோ இருக்கும் கணினியின் தயவை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

கோளாறு எப்போதும் இணையத்தில்தான் வரும் என்றில்லை. 2017 ஆகஸ்டில் லாக்ஸ்டேட் நிறுவனம் தன் ஸ்மார்ட் பூட்டுகளுக்கு இணையம் வழியாகப் புதிய மென்பொருளை அனுப்பியது. ஒரு மாடலுக்கு உரியது தவறுதலாக வேறு மாடலுக்குப் போய்ச் சேர்ந்தது. சுமார் 500 பூட்டுகள் செயலிழந்தன. ஏர்பிஎன்பி வழியாக வீடுகளை வாடகைக்கு விடுவோர் விரும்பி வாங்கிய பூட்டு அது. விருந்தினர் வரும் நேரத்தில் எண்களை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. செயலிழந்த பூட்டுக்கு அடுத்த மென்பொருளையும் அனுப்ப வழியில்லை. கழற்றித் தபாலில் அனுப்புங்கள், அல்லது மாற்றுப் பூட்டுக்குக் காத்திருங்கள் என்றது நிறுவனம். அதுவரை வீட்டுக்காரர்களைக் காப்பாற்றியது பழைய உலோகச் சாவி.

இவை விபத்துகள். வேண்டுமென்றே நிறுத்தப்பட்டவையும் உண்டு. வீட்டு விளக்குகளையும் கருவிகளையும் ஒருங்கிணைக்கும் ரிவால்வ் என்ற பெட்டியின் விலை 300 டாலராக இருந்தது. அதைத் தயாரித்த நிறுவனத்தை 2014-ல் நெஸ்ட் என்ற நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. பழுதே இல்லாத பெட்டிகள் ஒரே நாளில் வெறும் பிளாஸ்டிக் ஆயின. காசு கொடுத்து வாங்கிய பொருளை விற்றவரே தூரத்திலிருந்து அணைத்துவிடலாம் என்றால், அதை விற்பனை என்று சொல்வதே தவறு.

இணைய இணைப்பே கூடாது என்பதல்ல வாதம். வெளியூரிலிருந்தபடி வீட்டைக் கேமராவில் பார்ப்பதற்கு இணையம் வேண்டும். பூட்டு பூட்டுவதற்கும் விளக்கு எரிவதற்கும் அது வேண்டியதில்லை.

சட்டம் மெல்ல விழித்துக்கொள்கிறது. பாதுகாப்பு மேம்பாடுகளை எவ்வளவு காலம் தருவோம் என்று உற்பத்தியாளர்கள் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற விதி பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அமலில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டத்தின் முக்கிய விதிகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வரும். இவை இரண்டுமே பாதுகாப்பைப் பற்றியவை. சர்வர் நின்றாலும் பொருள் தன் அடிப்படை வேலையைச் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இவற்றில் இல்லை.

ஆகவே, அடுத்த முறை ஸ்மார்ட் பொருள் எதையாவது வாங்கப் போனால், கடையிலேயே வைஃபையை அணைத்துவிட்டு இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பூட்டு என்றால் சாவித் துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.