மூன்றாவது முறை அதே நிலை

“ஒரே நகர்வை மூன்று முறை திருப்பி ஆடினால் டிராதானே? என் மகள் கேட்டபோது நடுவர் ஏன் மறுத்தார்?” என்று வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பள்ளி செஸ் போட்டிகளில் அடிக்கடி கிளம்பும் வழக்கு இது.

ஸ்டேல்மேட்டும், இருவரும் பேசி முடிக்கும் டிராவும் எல்லோருக்கும் தெரிந்தவை. சிப்பாய் நகராமல், காய் வெட்டுப்படாமல் ஆளுக்கு 50 நகர்வு கழிந்தால் டிரா கேட்கலாம் என்பதையும் பலர் அறிவார்கள். மும்முறை விதியில்தான் குழப்பம். அங்கே எண்ண வேண்டியது நகர்வை அல்ல, நிலையை. காய்கள் அதே கட்டங்களில் இருக்க வேண்டும். அடுத்து ஆட வேண்டியவரும் அவரேயாக இருக்க வேண்டும். காஸ்லிங் உரிமைகூட மாறியிருக்கக் கூடாது. ஆனால் அந்த நிலை அடுத்தடுத்து வர வேண்டும் என்பதில்லை. இடையில் எத்தனை நகர்வு போனாலும் சரி.

பாட்டியோடு பல்லாங்குழி ஆடும்போது, குழிகளில் காய்கள் அதேபோல இருந்தாலும் அடுத்து அள்ளுவது பாட்டியா நானா என்பதில் ஆட்டமே மாறிவிடும். செஸ்ஸிலும் அப்படித்தான்.

மேதைகளும் இதில் தவறியிருக்கிறார்கள். 1972இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 20ஆவது ஆட்டத்தில், நிலை மும்முறை வந்துவிட்டது என்று பாபி ஃபிஷர் நடுவர் லோதர் ஷ்மிட்டை அழைத்தார். போரிஸ் ஸ்பாஸ்கி மறுப்பே சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறகு பார்த்தால், அந்த நிலை வெள்ளையின் 48, 50ஆம் நகர்வுகளுக்குப் பின்னும் கறுப்பின் 54ஆம் நகர்வுக்குப் பின்னும் வந்திருந்தது. அதாவது கடைசி முறை ஆட வேண்டியவர் மாறிவிட்டார். விதிப்படி ஃபிஷரின் கோரிக்கை செல்லாது. இருவரும் ஒப்புக்கொண்டதால் டிரா நிலைத்தது.

கேட்கும் முறையும் முக்கியம். மூன்றாவது முறை அந்த நிலையைக் கொண்டுவரப்போகும் நகர்வைத் தாளில் எழுத வேண்டும். பலகையில் ஆடக் கூடாது. நடுவரிடம் சொல்ல வேண்டும். காயைத் தொட்டால் அந்த நகர்வுக்கு உரிமை போய்விடும். கோரிக்கை தவறானால், வழக்கமான நேர ஆட்டத்தில் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும்.

ஓப்பனிங் வரிசைகளை மனப்பாடம் செய்விக்கும் பயிற்சியாளர்கள் பலர் இதைச் சொல்லித் தருவதில்லை. குழந்தை பாடுபட்டுக் காப்பாற்றிய அரைப் புள்ளியை விதி தெரியாமல் இழப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பயிற்சியாளர்களே, ஒரு வகுப்பையாவது இதற்கு ஒதுக்குங்கள். நகர்வுகளைப் பிழையில்லாமல் எழுதப் பழக்குங்கள். ஐந்தாவது முறை அதே நிலை வந்தால் நடுவரே ஆட்டத்தை முடித்துவிடுவார். அதுவரை, கேட்டால்தான் கிடைக்கும்.