போத்தலுக்குள் ஒரு குட்டிப் பாம்பு

மார்கழி மழை சற்றே ஓய்ந்த ஒரு காலைப்பொழுது. கிணற்றடிக்குச் சென்ற சிறுவன் ஒருவன், ஓரடி நீளமுள்ள பாம்பொன்றைக் காண்கிறான். கரிய உடல்; குறுக்கே வெண்ணிறக் கோடுகள். அங்கே கிடந்த போத்தலொன்றினுள் அது புகுந்ததும், ஓடிச்சென்று மூடியைத் திருகிவிடுகிறான். வீட்டிலே மூன்று கருத்துக்கள் எழுகின்றன. சிறு பாம்பையும் பெருந்தடி கொண்டு அடிக்க வேண்டும் என்கிறார் பாட்டனார். இது பல்லி தின்னும் பாம்பு, நஞ்சில்லை என்கிறார் அயல்வீட்டுக்காரர். அப்படியானால் இதனை நான் வளர்ப்பேன் என்கிறான் சிறுவன். இம்மூவருள் யார் சொல்வது சரி?

இலங்கையின் உலர்வலயத்தில் இத்தகைய தோற்றமுடைய பாம்புகள் முக்கியமாக இரண்டுள. ஒன்று, விலங்கியலார் ஓநாய்ப்பாம்பு என அழைப்பது. முன்பற்கள் நீண்டிருப்பதால் இப்பெயர் பெற்றது. இது இரவிலே சுவரேறிப் பல்லிகளைப் பிடித்துண்ணும். பிடித்தால் சினந்து கடிக்கும். ஆயினும் அக்கடியால் உயிருக்கு ஆபத்தில்லை. மற்றையது எட்டடி விரியன் அல்லது எண்ணெய் விரியன். பெயரில் விரியன் என்றிருப்பினும், இது நாகபாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் நஞ்சு நரம்புகளின் தொழிலைத் தடுத்து, ஈற்றில் மூச்சையே நிறுத்திவிடும்.

இவ்விரண்டையும் வேறுபடுத்துவது எவ்வாறு? பொதுவாக, ஓநாய்ப்பாம்பின் பட்டைகள் கழுத்துப்புறத்திலே தெளிவாக இருந்து வாலை நோக்கி மங்கும். எட்டடி விரியனிலோ கோடுகள் மெல்லியனவாய், பெரும்பாலும் இரண்டிரண்டாய் அமைந்து, தலைப்பக்கம் மங்கி வாற்பக்கம் தெளியும். இவ்விதி வளர்ந்த பாம்புகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் எட்டடி விரியனின் குட்டியில் அக்கோடுகள் தலைப்பக்கம் வரை தெளிவாக இருத்தல் கூடும். எனவே, மிகவும் தேவைப்படும் இடத்திலேயே இவ்விதி நம்மை ஏமாற்றிவிடுகிறது.

நிறத்தினும் நம்பத்தக்கவை செதில்கள். பிராங் வோல் என்னும் வைத்தியர் இலங்கைப் பாம்புகளைப்பற்றி 1921இல் வெளியிட்ட பெருநூலிலும் செதில்களுக்கே முதன்மை அளித்தார். எட்டடி விரியனின் முதுகு நடுவே ஓடும் செதில்வரிசை, ஏனைய செதில்களிலும் பெரிதாய், அறுகோண வடிவினதாய் இருக்கும். ஓநாய்ப்பாம்பில் அத்தகைய வரிசை இல்லை. ஆயினும், ஓரடிக் குட்டியின் முதுகுச் செதில்களைக் கண்டறிய முகத்தை அருகே கொண்டுசெல்ல வேண்டும். முட்டையிலிருந்து வெளிவரும்போதே எட்டடி விரியனின் குட்டி நஞ்சுடையது என்பதை மறத்தலாகாது.

எட்டு அடி வைப்பதற்குள் இறப்பு நேரும் என்பது இப்பாம்பின் பெயர் உணர்த்தும் பொருள். உண்மை அவ்வாறன்று, அதனினும் வஞ்சகமானது. நிலத்திற் பாய் விரித்து உறங்குவோரையே இது பெரும்பாலும் இரவிற் கடிக்கும். கடிவாயில் வலியோ வீக்கமோ இராமல் இருக்கலாம். சில மணி நேரத்தின் பின்னர் வயிற்றுவலி தோன்றும், கண்ணிமைகள் தாமாகவே தாழும், பேச்சுக் குழறும், பின் மூச்சுத் திணறும். ஆதலால், சிறு பாம்பு கடித்தது, வலியில்லை என்று காத்திருத்தல் பெருந்தவறு. கடியுண்டவரைப் பதற்றமின்றி இருக்கச்செய்து, கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கே செய்யும்.

இனி, வளர்க்கலாமா என்ற வினாவைப் பார்ப்போம். போத்தலில் இருப்பது எட்டடி விரியனாயின், அதனை வீட்டில் வைத்திருத்தல் தலைமாட்டில் கூற்றுவனை வைத்திருத்தலுக்கு ஒப்பாகும். ஓநாய்ப்பாம்பாயின், அது பாலுஞ் சோறும் உண்டு வாழும் பிராணியன்று. உயிருள்ள பல்லி, அரணை முதலியவற்றைத் தேடியுண்பது. அடைத்துவைத்த இடத்தில் இரையை மறுத்து மெலிந்து மடியலாம். மேலும், 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் நம் நாட்டின் பல பாம்பினங்களுக்குப் பாதுகாப்பளிக்கின்றன. பெயர் எதுவாயினும் விடை ஒன்றே: வளர்த்தல் ஆகாது.

கொல்லுதல் வேண்டுமா என்றால், அதுவும் வேண்டுவதில்லை. வெளியிற் காணும் பாம்புக்கு வழிவிட்டு விலகினால் அது தானே சென்றுவிடும். வீட்டினுள் அகப்பட்டதை வெறுங்கையால் தொடாது, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, வனசீவராசிகள் திணைக்களத்தினருக்கோ பாம்புகளைக் கையாளப் பழகியவருக்கோ அறிவித்தல் நன்று. இரவிற் கைவிளக்கின்றி நடவாமையும், நிலத்திற் படுப்போர் பாயைச் சுற்றிக் கொசுவலையை நன்கு செருகிக்கொள்ளுதலும் பெருந்தடியிலும் சிறந்த காவல்கள்.

போத்தலைத் திறவாமல் நிழலில் வைத்துவிட்டுச் சிறுவன் எட்டி நின்று பார்க்கட்டும். கோடுகளை எண்ணட்டும், கண்டதைக் கொப்பியில் வரையட்டும். பாம்பு சென்றபின்னும் அந்தப் படம் அவனிடம் இருக்கும். வளர்க்க வேண்டியது அந்த ஆர்வமேயன்றிப் பாம்பன்று.