சுவரில் இல்லாத ஓவியங்கள்

2023-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஜூன் வரை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் வெர்மீர் ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்து 1675-இல் மறைந்த அந்த ஓவியர் வரைந்தவையாக இன்று அறியப்படுபவை ஏறத்தாழ 37 மட்டுமே. அவற்றுள் 28 ஓரிடத்தில் கூடின. திறந்த சில நாள்களிலேயே நுழைவுச்சீட்டுகள் தீர்ந்தன. ஆறரை லட்சம் பேர் கண்டுகளித்தனர். வந்த ஓவியங்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. வராதவை ஏன் வரவில்லை என்பதும் அறியத்தக்கது எனக் கருதுகிறேன். உலகப் பொதுச் செல்வமாகப் போற்றப்படும் ஒரு கலைப்படைப்பை யார், எங்கே காணலாம் என்பதைத் தீர்மானிப்பது யார் என்ற கேள்வி அதில் அடங்கியிருக்கிறது.

முதற்காரணம் ஓவியத்தின் உடல்நிலை. காற்றின் ஈரப்பதம் மாறும்போது துணி சுருங்கி விரிகிறது. முந்நூற்றைம்பது ஆண்டுகளில் இறுகிப்போன வண்ணப்பூச்சு அதற்கேற்ப வளைந்து கொடுப்பதில்லை. அதனால் விரிசல் விழுகிறது. வண்ணம் செதில் செதிலாக உதிர்கிறது. எனவேதான் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் தனிப் பெட்டிகள், உடன் பயணிக்கும் அருங்காட்சியக அலுவலர், சேருமிடத்தில் பெட்டியைத் திறக்குமுன் ஒரு நாள் காத்திருப்பு என்று இத்தனை ஏற்பாடுகள். இவ்வளவுக்குப் பிறகும் தாங்காது என்று கருதப்படும் ஓவியங்கள் உண்டு. வியன்னாவிலுள்ள 'ஓவியக்கலை' அத்தகையது. அது ஆம்ஸ்டர்டாமுக்கு வரவில்லை.

இரண்டாவது காரணம் உயில். 'உறங்கும் பணிப்பெண்' நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1913-இல் காலமான வணிகர் பெஞ்சமின் ஆல்ட்மன் தம் தொகுப்பைப் பிரிக்காமல் ஒருங்கே வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் அதனை அளித்தார். ஆகவே அது இரவல் தரப்படுவதில்லை. அதே நகரின் ஃபிரிக் தொகுப்பிலும், நிறுவனர் வாங்கிய ஓவியங்கள் பொதுவாக வெளியே செல்வதில்லை. கட்டடப் புதுப்பிப்புக்காக அந்த இல்லம் மூடப்பட்டிருந்ததால்தான் அதன் மூன்று வெர்மீர்களும் ஆம்ஸ்டர்டாம் வர முடிந்தது.

மூன்றாவது காரணம் திருட்டு. 1990 மார்ச் 18 அன்று பாஸ்டனின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்திலிருந்து 13 கலைப்பொருள்கள் களவாடப்பட்டன. வெர்மீரின் 'இசை நிகழ்ச்சி' அவற்றுள் ஒன்று, இன்றுவரை மீளவில்லை. அங்கே வெற்றுச் சட்டங்கள் இன்னும் தொங்குகின்றன.

இத்தனை இடர்களுக்கிடையே ஓவியங்களை ஒன்று சேர்ப்பதால் விளையும் பயன் என்ன? ஒப்பீடுதான். 'புல்லாங்குழலுடன் ஒரு பெண்' என்ற ஓவியம் வெர்மீர் வரைந்ததன்று, அவரைச் சார்ந்த வேறொருவர் வரைந்தது என 2022 அக்டோபரில் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் அறிவித்தது. அதையே சில மாதங்களில் ஆம்ஸ்டர்டாம் வெர்மீரின் படைப்பாகக் காட்சிக்கு வைத்தது. அறிஞர்களே முரண்படும்போது, ஓவியரின் மற்ற படைப்புகளோடு ஒரே கூரையின்கீழ் வைத்துப் பார்ப்பதற்கு ஈடான சோதனை வேறில்லை. நிழற்படங்களால் அது இயலாது.

ஆகையால், உடல்நிலை காரணமாக ஓர் ஓவியம் மறுக்கப்படுமானால் அதனை முழுமனத்துடன் ஏற்கிறேன். நம் தலைமுறையின் ஆவலுக்காக அடுத்த தலைமுறையின் உடைமையைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை. ஆனால், நூறாண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவரின் விருப்பம் மட்டுமே தடையாக இருக்குமானால், அதனை மறுபரிசீலனை செய்யும் வழிகளை அருங்காட்சியகங்கள் நீதிமன்றத்தின் வாயிலாகத் தேட வேண்டும். கொடையாளியின் சொல்லை மீறினால் நாளை எவரும் கொடையளிக்க முன்வரமாட்டார்கள் என்ற வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், கொடை பெற்றவர்கள் பொதுமக்கள் என்பதையும் மறந்துவிடலாகாது.

குறைந்தபட்சம் ஒன்றைச் செய்யலாம். எந்தப் பெருங்கண்காட்சியானாலும், வராத ஓவியங்களின் பட்டியலையும் ஒவ்வொன்றும் வராமைக்கான காரணத்தையும் முதல் அறையிலேயே எழுதி வைக்கலாம். உடல்நிலையா, உயிலா, களவா என்பதை அறிந்து செல்லும் பார்வையாளர், அத்தடைகளுள் எவை நியாயமானவை என்று தாமே எடைபோட்டுக்கொள்வார்.