லாங் பஜாரில் எதை எண்ணுகிறோம்?

வேலூரில் எங்க டிராஃபிக் மோசம் என்று கேட்டால் வரும் பதில்களில் லாங் பஜார் கட்டாயம் இருக்கும். கோட்டையிலிருந்து நடக்கும் தூரம். பக்கத்திலேயே நேதாஜி மார்க்கெட், மண்டித் தெரு, சுண்ணாம்புக்காரத் தெரு. மளிகையும் காய்கறியும் மொத்தமாகவும் சில்லறையாகவும் கைமாறுகிற இடம். சுற்றுப்பட்டு ஊர்களின் சின்னக் கடைகளுக்கும் சரக்கு இங்கிருந்து போகிறது.

இந்த நெரிசலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்துகள் நாலு: ரோட்டை அகலமாக்கு, ஆக்கிரமிப்பை எடு, ஒன்வே போடு, பார்க்கிங் கட்டு. நாலுமே வண்டி எப்படி வேகமாகப் போகும் என்பதைப் பற்றியவை. பஜார் என்பது வேகமாகக் கடந்து போகிற இடமா, வந்து நிற்கிற இடமா? இந்தக் கேள்விக்குப் போவதற்கு முன், நாம் எதை எண்ணுகிறோம் என்று பார்த்துவிடலாம். சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். எதை அளக்கிறோமோ அதுதான் சரியாகும். அளக்காதது அப்படியே கிடக்கும்.

பி.சி.யு என்கிற கணக்கு

நம்ம ஊர் ரோட்டில் பஸ், பைக், ஆட்டோ, மாட்டு வண்டி எல்லாம் கலந்து ஓடும். எல்லாவற்றையும் ஒரே அலகில் கூட்ட ஒரு வழி வேண்டும். அதற்கு ஒரு காரை 1 என்று வைத்துக்கொண்டு, மற்ற வண்டிகளை "எத்தனை காருக்குச் சமம்" என்று மாற்றுகிறார்கள். இதுதான் பி.சி.யு. நகரச் சாலைகளுக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1990ல் வெளியிட்ட வழிகாட்டியில் (ஐ.ஆர்.சி 106) இப்படி இருக்கிறது: இருசக்கர வண்டி 0.5, ஆட்டோ 1.2, பஸ் அல்லது லாரி 2.2, சைக்கிள் 0.4, சைக்கிள் ரிக்‌ஷா 1.5, கைவண்டி 2. ஒரு வகை வண்டி மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் எண் ஏறும். ஆட்டோ 2, பஸ் 3.7, கைவண்டி 3.

இந்தக் கணக்கில் தப்பு எதுவும் இல்லை. மேம்பாலமோ பைபாஸோ கட்டுகிறவருக்கு இது தேவை. ஆனால் இதையே பஜாருக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் பாருங்க.

ஒரு மணி நேரத்தில் 40 கார் போகிறது, காருக்கு சராசரியாக ஒன்றரைப் பேர் என்று வைத்துக்கொள்வோம். 60 பேர், 40 பி.சி.யு. அதே 60 பேர் ஒரு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினால் அதிகபட்சம் 3.7. அதே 60 பேர் நடந்து போனால்? பூஜ்யம். நடப்பவர்களுக்கு ஐ.ஆர்.சி 103 என்று தனி வழிகாட்டி இருக்கிறது, உண்மைதான். ஆனால் "இந்த ரோட்டில் இவ்வளவு போக்குவரத்து" என்று சொல்லும் எண்ணுக்குள் அவர்கள் வருவதில்லை.

கைவண்டியின் நிலைமை இன்னும் வேடிக்கை. பத்து மூட்டை அரிசியை ஒரு சொட்டு டீசல் இல்லாமல், குட்டி யானை கூட நுழையத் திணறும் சந்துக்குள் கொண்டுபோய் இறக்குகிற வண்டி அது. கணக்குப்படி மூணு காருக்குச் சமமான இடைஞ்சல்! அதை வெளியேற்றினால் எண் அழகாகிவிடும். மூட்டை மட்டும் கடைக்குப் போய்ச் சேராது.

ஆளை எண்ணினால் படமே மாறுகிறது. அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் கூட்டமைப்பான நாக்டோ ஒரு ஒப்பீடு வெளியிட்டிருக்கிறது. 10 அடி அகலப் பாதையில், ஒரு மணி நேரத்தில், கார்கள் மட்டும் ஓடினால் 600 முதல் 1,600 பேர் வரை போகலாம். அதையே நடைபாதையாக விட்டால் 9,000 பேர் வரை. நம்ம ஊர்க் கூட்டத்துக்கு எண் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால் கிட்டத்தட்ட ஆறு மடங்கு என்பது சின்ன வித்தியாசம் இல்லை.

வாடிக்கையாளர் எதில் வருகிறார்?

"வண்டி வரலைன்னா வியாபாரம் படுத்துடும்" என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் பயத்தைக் கிண்டல் பண்ணக் கூடாது. வாடகை, வட்டி, கடைப் பையன் சம்பளம் எல்லாம் அந்த வியாபாரத்தில்தான் நிற்கிறது. ஆனால் அந்தப் பயம் அளந்து பார்த்ததா என்று கேட்கலாம்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2006ல் சஸ்ட்ரான்ஸ் அமைப்பு அளந்து பார்த்தது. உங்க வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டபோது 41 சதவீதம் என்றார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டபோது 22 சதவீதம்தான். காரில் வருகிறவர் கண்ணில் படுகிறார், நடந்து வருகிறவர் கூட்டத்தோடு கரைந்துவிடுகிறார்.

லாங் பஜாருக்கு பஸ்ஸில் வருவதும் எளிது. பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. காட்பாடியிலிருந்தோ பாகாயத்திலிருந்தோ ஓர் அம்மா காசு செலவில்லாமல் வந்து இறங்கிவிடுகிறார். அரசாங்கம் செலவு பண்ணி அவரை பஜார் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாச்சு. கடைசி அரை கிலோமீட்டரில்தான், ரெண்டு கையிலும் பையோடு, ஹார்ன் அடிக்கிற பைக்குகளுக்கு நடுவில் அவர் ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டியிருக்கிறது.

நிற்கும் வண்டியின் வாடகை

ஒரு காரை நிறுத்த 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர் வேண்டும். ஒரு சின்னக் கடை வைக்கிற இடம் அது. தெருவில் இலவசமாக நிறுத்தும் இடம் உண்மையில் இலவசம் இல்லை, யாரோ ஒருத்தர் அந்தச் செலவைச் சுமக்கிறார் என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் டொனால்ட் ஷூப் 2005ல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார்.

பைக்குக்கும் இது பொருந்தும். கடை 10 மணி நேரம் திறந்திருக்கிறது, வாடிக்கையாளர் ஒருவர் 20 நிமிஷம் நிற்கிறார் என்றால், ஒரு பைக் இடத்தை ஒரு நாளில் 30 பேர் பயன்படுத்தலாம். அதே இடத்தில் காலையில் வந்த பைக் ஷட்டர் இறக்கும் வரை நகராமல் நின்றால் பயன் ஒருத்தருக்குத்தான். அப்படி நாள் முழுக்க நிற்கும் பைக் பெரும்பாலும் வாங்க வந்தவருடையது இல்லை, கடையில் இருப்பவருடையது. மாடி மாடியாகப் பார்க்கிங் கட்டுவதற்கு முன்னால், கடைக்காரர்களும் வேலையாட்களும் வண்டியை பஜாருக்கு வெளியே நிறுத்த ஓர் ஏற்பாடு செய்தாலே கணிசமான இடம் திரும்பக் கிடைக்கும்.

இன்னொரு கோட்டை, இன்னொரு பஜார்

சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது அகலமான ரோடு, துணியும் நகையும் விற்கும் சில்லறைக் கடைத்தெரு. லாங் பஜாரின் தலைவலி மூட்டை. அதனால் நமக்கு நெருங்கிய உதாரணம் டெல்லியின் சாந்தினி சௌக். அதுவும் கோட்டைக்கு எதிரே, அதுவும் மொத்த வியாபாரம், அங்கேயும் தலைச்சுமையும் ரிக்‌ஷாவும்தான் சரக்கை நகர்த்துகின்றன.

செங்கோட்டை முதல் ஃபதேபுரி மசூதி வரையிலான தெருவைச் சீரமைத்து 2021 செப்டம்பரில் திறந்தார்கள். காலை 9 மணி முதல் ராத்திரி 9 மணி வரை மோட்டார் வண்டிக்குத் தடை. நடக்கலாம், சைக்கிள் ரிக்‌ஷாவில் போகலாம். இதே டெல்லியில் ஒரு காலத்தில் 99,000க்கு மேல் சைக்கிள் ரிக்‌ஷா இருக்கக் கூடாது என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். 2010ல் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இடைஞ்சல் என்று ஒதுக்கப்பட்ட வண்டிதான் பிறகு அந்தத் தெருவின் முக்கிய வாகனமானது.

எல்லாம் சுபம் என்று சொல்ல முடியாது. தடை நேரத்தில் பைக் நுழைகிறது என்ற புகார் செய்தித்தாள்களில் வந்துகொண்டே இருந்தது. அறிவிப்புப் பலகை மட்டும் எதையும் தடுக்காது, நிற்க ஆள் வேண்டும். ஆனால் அடிப்படை யோசனை சரியானது: தெருவை அகலமாக்க முடியாவிட்டால் நேரத்தைப் பிரி. கம்ப்யூட்டரில் ஒரே பிராசஸரை பல வேலைகளுக்கு முறை வைத்துக் கொடுப்பது போலத்தான் இது.

லாங் பஜாருக்கு என்ன செய்யலாம்?

1. லாரிக்கும் குட்டி யானைக்கும் ராத்திரியும் விடியற்காலையும். பகலில் தேவைப்படும் சரக்கை பஜார் முனையில் இறக்கி, அங்கிருந்து கைவண்டியிலோ பேட்டரி மூணு சக்கர வண்டியிலோ உள்ளே கொண்டுபோகலாம்.

2. கூட்டம் அதிகமுள்ள நேரத்தில் மட்டும் மோட்டார் வண்டிக்குத் தடை. முதலில் வாரத்தில் ஒரு நாள் செய்து பார்த்து, வியாபாரம் ஏறியதா இறங்கியதா என்று கடைக்காரர்களே கணக்கு வைக்கட்டும்.

3. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் போக நடுவில் ஒரு பாதை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். இப்படி நெருக்கமான பஜாரில் இதில் சமரசமே கூடாது.

4. வயதானவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் பஸ் ஸ்டாண்டிலிருந்து பேட்டரி வண்டி.

இதில் யாருக்கு நஷ்டம் என்பதையும் கேட்டாக வேண்டும். லோடு இறக்குவது ராத்திரிக்கு மாறினால் மூட்டை தூக்குபவர்களின் தூக்கம் போகும். கூலியைக் கூட்டித் தராமல், வெளிச்சமும் கழிப்பறையும் இல்லாமல் நேரத்தை மட்டும் மாற்றினால் அது அநியாயம். தள்ளுவண்டிக்காரர்களை "ஆக்கிரமிப்பு" என்று ஒரே வார்த்தையில் துடைத்துவிடவும் முடியாது. தெரு வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் அவர்களின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். திட்டம் போடும் மேஜையில் அவர்களுக்கு நாற்காலி உண்டு.

வேலூர் 2016 செப்டம்பரில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலுக்குள் வந்த ஊர். வண்டிகளை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை 2006லேயே சொல்லிவிட்டது. ஆகவே புதுத் தத்துவம் எதுவும் தேவையில்லை. பஜாரின் ரெண்டு முனையிலும் ரெண்டு பேர், காலை, மதியம், மாலை, ராத்திரி கால் மணி நேரம் நின்று நாலு கட்டம் நிரப்பினால் போதும்: நடந்து வந்தவர், பைக்கில் வந்தவர், காரிலும் ஆட்டோவிலும் வந்தவர், உள்ளே போன மூட்டை. ஒரு கல்லூரி வகுப்பு ஒரே வாரத்தில் முடித்துவிடும் வேலை. ரோட்டை அகலமாக்க ஒரு கடையை இடிப்பதற்கு முன்னால் இந்த நாலு எண்களும் நம் கையில் இருக்க வேண்டும்.