குண்டே இல்லாத குண்டுப் பிரிப்பு

சத்தம் போடாமல் வாருங்கள், திரைக்குப் பின்னால் போகிறோம்! இது 2009 ஜூன், இடம் நார்வே. அணுகுண்டைப் பிரித்துப் போட்டதை வெளிநாட்டார் எப்படிச் சரிபார்ப்பது என்று பெரிய ஒத்திகை நடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கொட்டகையில் ஒரு குண்டுகூடக் கிடையாது.

வேடங்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். அணு ஆயுதமே இல்லாத நார்வேதான் 'டோர்லாந்து' என்ற அணு ஆயுத நாடு. நிஜத்தில் குண்டு வைத்திருக்கும் பிரிட்டன், அது இல்லாத 'லுவேனியா'வாகச் சோதனை போட வந்திருக்கிறது. மாமியாரும் மருமகளும் ஒருநாள் இடம் மாறிக்கொண்ட மாதிரி! வெர்டிக் என்ற லண்டன் அமைப்பு ஓரமாக நின்று எல்லாவற்றையும் கவனிக்கிறது. பிரியப்போகும் குண்டுக்கு நார்டிக் புராணத்துப் பெரிய சாமி ஓடினின் பெயர். அதன் வயிற்றில் புளுட்டோனியம் இல்லை, கோபால்ட்-60.

சோதனையாளர்கள் பாடுதான் பாவம். தனியாக ஓரடி வைக்க முடியாது, கூடவே காவலுக்கு ஆள். பார்க்கக் கூடாத சாமான்களுக்குப் போர்வை. பிரிப்பு அறையை மூலைமுடுக்கெல்லாம் அலசலாம், கதவுக்கு முத்திரை வைக்கலாம். ஆனால் முக்கியமான காட்சி, அதாவது குண்டைப் பிரிக்கும் காட்சி, அவர்கள் கண்ணுக்குக் கிடையாது! வெளியே காத்திருந்து, முடிந்ததும் முத்திரை அப்படியே இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி அலச வேண்டும். இவ்வளவு தூரம் வந்துவிட்டு மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பது! எனக்கென்றால் பொறுமை போயிருக்கும்.

ஏன் இந்தக் கெடுபிடி? குண்டின் அமைப்பு ரகசியம் ஆயுதமில்லா நாட்டுக்குக் கசிந்தால், 1970-இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தையே மீறியதாகிவிடும். கசியும் கதிர்வீச்சைக் கூர்ந்து அளந்தாலே ரகசியத்தில் பாதி தெரிந்துவிடுமாம்.

இதோ, எனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம்: 'தகவல் தடுப்பு' என்ற பெட்டி. மூடிய கலத்துக்குள் இருப்பதன் கதிர்வீச்சை இது அளக்கும். ஆனால் எண், வரைபடம் என்று எதையும் வெளியே விடாது. சொன்ன பொருள் உள்ளே இருந்தால் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு. அவ்வளவுதான். இத்தனை விஞ்ஞானிகளும் அதிகாரிகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது ஒரு சின்ன விளக்குக்காக!

பெட்டியே பொய் சொன்னால்? நீங்கள் செய்ததை நான் நம்ப மாட்டேன், நான் செய்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால் இரு நாட்டு நிபுணர்களும் ஒன்றாக உட்கார்ந்து அதை உருவாக்கினார்கள். பேச்சுவார்த்தை மேடையில் கிடைக்காத நெருக்கம் இப்படி ஒரு பெட்டிக்குள் கம்பி இணைக்கும்போது கிடைத்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2010 கடைசியில் அடுத்த ஒத்திகை பிரிட்டனில். இந்த முறை வேடம் கலைந்தது: சோதனை போட வந்தவர்கள் நார்வேக்காரர்கள்.